பச்சைப் பெட்டி

கென்ட், வாஷிங்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள முகிலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மா அனுப்புகிற செய்திகளுக்கெல்லாம் உன்னிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. அதையே நலம் என்று எடுத்துக்கொள்ள அவள் பழகிவிட்டாள். எனக்குப் பழகவில்லை.

தமிழில் எழுதி வதைக்கிறாரே என்று சலித்துக்கொள்ளாதே. ஒன்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விட்டவன் நான். உன்னால் வாசிக்க முடியும். மெதுவாக வாசி. சாப்பிட்டுவிட்டு வாசி.

மாடி அலமாரியை ஒழிக்கச் சொல்லி அம்மா ஒரு மாதமாக நச்சரித்தாள். நேற்றுத்தான் கை வைத்தேன். அடித்தட்டில் உன் பழைய ஷூ பெட்டி. உள்ளே நாம் ஆடிய மேஜிக் சீட்டாட்டத்தின் கார்டுகள், அத்தனையும் பச்சை. அவற்றுக்கு அடியில் உன் தமிழ்ப் பள்ளி நோட்டு. 2007-ஆம் வருடத்து நோட்டு, உனக்குப் பன்னிரண்டு வயது. ‘எனக்குப் பிடித்த பொருள்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் சைக்கிள், கிரிக்கெட் மட்டை என்று எழுதியிருக்கும். நீ பச்சை நிறக் கார்டுகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். டீச்சர் வழிநெடுகச் சிவப்பு மையால் ஒற்று போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ‘புரியவில்லை, ஆனாலும் நன்று’ என்று பத்துக்கு ஏழு கொடுத்திருக்கிறார்.

எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதல் இடம் லானோவர் எல்ஃப்ஸுக்கு. ‘இது சின்னது. ஒரு காடு இருந்தால் வந்துவிடும். வந்த உடனே ஒன்றும் செய்யாது. அடுத்த முறை இன்னொரு காடு மாதிரி மனா கொடுக்கும்.’ மனா என்றால் ஒரு கார்டை இறக்கக் கொடுக்கும் விலை, காடு, தீவு என்ற நிலக் கார்டுகள் தருவது; அதுகூட எனக்கு மறக்கவில்லை. இரண்டாவது பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ். நீ ‘பரவை’ என்று எழுதியதை டீச்சர் திருத்தியிருக்கிறார். ‘இந்தப் பறவை யாரையும் அடிக்காது, இதன் பலம் பூஜ்யம். ஆனால் ஐந்து நிறத்தில் எந்த நிறம் கேட்டாலும் தரும்.’ அந்தப் படம் முதலில் ஒரு தீவுக் கார்டுக்காக வரையப்பட்டது, பறவை அதில் அழகாக அமைந்துவிட்டதால் ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் அதற்கென்றே தனிக் கார்டு செய்துவிட்டார் என்று நீ காரில் சொன்னது நினைவிருக்கிறது. அவர் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதையும் அன்றைக்குச் சொன்னாய், நான் வாயடைத்துப் போகட்டும் என்று. 167-ஆம் நெடுஞ்சாலையில் ரென்டன் வரும்போதெல்லாம், இங்கேதான் இந்தக் கார்டுக் கம்பெனி இருக்கிறது என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொள்வாய்.

நான்காவது இடத்தில் க்ரா வர்ம். ஆறு மனா ஆகும் அந்தப் பெரிய புழு. ‘வருவதற்கு ரொம்ப நேரம் ஆகும். வந்தால் எல்லோரும் பயப்படுவார்கள். எங்கள் அப்பா மாதிரி.’ அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பு கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

பெட்டியில் கரடிக் கார்டும் இருக்கிறது, வலது மூலையில் மஞ்சள் கறையோடு. அது நான் சாம்பார் கிண்ணத்தைத் தட்டிவிட்ட இரவு. வெறும் 2/2 கரடிதானே, பலம் இரண்டு, தாங்குவது இரண்டு என்று என் 4/4 தேவதையைக் குறுக்கே நிறுத்தினேன். நீ கையிலிருந்து ஜயன்ட் க்ரோத்தை வைத்தாய். ஒரே ஒரு மனா, கரடி 5/5 ஆகிவிட்டது. தேவதை போயே போய்விட்டது. இருபது புள்ளியில் ஆரம்பித்த ஆட்டத்தில் நான் பத்தைத் தாண்டி உன்னைக் குறைத்ததாக நினைவே இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. மினியாபொலிஸில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று டிவியில் சொன்னார்கள். டயரில் காற்று பார்த்துக்கொள், குளிரில் தானாக இறங்கும். அக்கா இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு வாரம் இருமுறை பேசுகிறாள். உன்னிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் அலுவலக மேசை எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்து வேறு பெயர் சொன்னாள். தவறான எண் போலிருக்கிறது என்று வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. கோவிலில் யார் கேட்டாலும் உன் வேலையைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்லிவருகிறேன். இன்று காலையும் சொன்னேன். 2001-இல் எனக்கும் ஐந்து மாதம் ஒரு மாதிரியாக இருந்தது, அப்போது நீ சின்னப் பையன். எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒன்றுமில்லை, சும்மா. ராஜு மாமா மாதிரி யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பிடு.

இந்தப் பெட்டியில் இருப்பதெல்லாம் சில்லறை. எல்ஃப்ஸ் இரண்டு, கரடி, புழு. நல்ல கார்டுகள் வேறொரு பெட்டியில் இருந்தன. பறவைகள் நான்கு, டார்மகாய்ஃப் நான்கு. அந்த டார்மகாய்ஃபை வாங்க நீ இரண்டு பிறந்தநாள் பணத்தைச் சேர்த்தாய்.

அது வீடு மாறும்போது தொலையவில்லை, முகில். நான் விற்றேன்.

2010-இல் உன் கணக்கு மதிப்பெண் வந்த வாரம். அபார்ட்மென்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். பெட்டியை எடுத்துக் காரில் வைத்து ஒரு கார்டு கடைக்குப் போனேன். கடைப் பையன் டார்மகாய்ஃப் நான்கையும் முதலில் தனியே எடுத்து வைத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து, இவை உங்களுடையவைதானா என்று கேட்டான். என்னுடையவைதான் என்றேன். 210 டாலர் கொடுத்தான். அந்தப் பணத்தில் உனக்கே எஸ்ஏடி கல்லூரி நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள் வாங்கினேன். நீ அவற்றில் பென்சிலால் கோடு போட்டுப் படித்தாய்.

புது வீட்டில் நீ ஒவ்வொரு அட்டைப்பெட்டியாகப் பிரித்துத் தேடினாய். சாமான் ஏற்றிய லாரிக்காரர்களுக்கு நீயே போன் செய்தாய். பச்சை மூடி போட்ட பெட்டி, இவ்வளவு நீளம் இருக்கும் என்று அவர்களுக்குக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னாய், போனில். நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை.

அதன்பிறகு நீ நீலத்துக்கு மாறினாய். கார்டின் முதுகிலேயே ஐந்து நிறமும் வட்டமாக இருக்கும், பச்சைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வெள்ளையும் சிவப்பும், நீலம் தள்ளியிருக்கும், எதிரி என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். கவுன்டர்ஸ்பெல் என்று ஒன்று வைத்திருந்தாய். நான் எதைக் கொண்டுவந்தாலும் இரண்டு தீவைச் சாய்த்து, அது நடக்காது என்பாய். ஒரு மாதம் அப்படி ஆடினோம். பிறகு பரீட்சை என்றாய், நானும் சரி என்றேன். வயது ஏறுகிறது, அதனால்தான் விளையாட்டு விட்டுப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அவளிடம் சொல்லப்போகிறேன். முதலில் உனக்குத் தெரியட்டும் என்றுதான்.

நோட்டை இதோடு அனுப்பலாமா என்று பார்த்தேன். கவர் கொள்ளவில்லை. கொண்டாலும் அனுப்பியிருக்க மாட்டேன், இங்கேயே இருக்கட்டும். உன் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன், ஹீட்டர் வேலை செய்கிறது. டிக்கெட் விலை பார்த்தேன், செவ்வாய், புதன் கிழமைகளில் குறைவாக இருக்கிறது. எந்த வாரம் என்றாலும் சரி. லீவு இருக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன்.

டயர் காற்று பார்.

அன்புடன்,
அப்பா