மெல்பா லிஸ்டன் பெயரையும் பெரிதாகப் போடுங்கள்

'உஹுரு ஆஃப்ரிக்கா' ஆண்டுவிழாக் கச்சேரிகளை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். 1960 நவம்பரில் நியூயார்க்கில் பதிவான ஒரு ஜாஸ் இசைத்தட்டுக்கு இன்னும் மேடை போட்டு விழா எடுக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். அந்த ஒரே ஆண்டில் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை அடைந்தன. அந்தச் சூட்டோடு சூடாக அமெரிக்கப் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டன் உருவாக்கிய நான்கு பகுதி இசை இது. கொண்டாட வேண்டியதுதான். எனக்கு விளம்பரத்தில்தான் குறை.

நான் பார்த்த விளம்பரங்களில் வெஸ்டன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மெல்பா லிஸ்டன் பெயரோ அடியில் பொடி எழுத்தில், ஏதோ கூடமாட ஒத்தாசைக்கு வந்தவர் மாதிரி. சிலவற்றில் அதுவும் இல்லை.

மெட்டு வெஸ்டனுடையது, சரி. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கும் இசை இது. எந்தக் கருவி எங்கே நுழைய வேண்டும், எது எங்கே ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் லிஸ்டன். தாளக்காரர்களே ஒரு பட்டாளம்: நைஜீரியாவின் ஒலட்டுஞ்சி, கியூபாவின் காண்டிடோ, பெராசா. டிரம்ஸில் கொடிகட்டிப் பறந்த மாக்ஸ் ரோச் இதில் மரிம்பா என்ற மரக்கட்டை இசைக்கருவியை வாசிக்கிறார்! இத்தனைக்கும் நடுவே 'ஆஃப்ரிக்கன் லேடி' பகுதியைக் கேட்டுப் பாருங்கள். மார்த்தா ஃப்ளவர்ஸின் குரல் முங்கிப்போகாமல் மேலே நிற்கிறது. அது தானாக நடந்துவிடுமா என்ன?

லிஸ்டன் டிராம்போன் கலைஞர். டிஸ்ஸி கில்லெஸ்பி, குவின்ஸி ஜோன்ஸ் குழுக்களில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து ஊதியவர். 1985இல் பக்கவாதம் தாக்கி வாசிக்க முடியாமல் போனது. அப்புறமும் கம்ப்யூட்டரின் உதவியோடு வெஸ்டனுக்கு இசைக்கோப்பு எழுதிக்கொண்டிருந்தார். 1999இல் மறைந்தார். வெஸ்டனே அவரை வாயாரப் புகழ்ந்தவர். வெஸ்டன் பெயரில் நடக்கும் விழாவில் நாம் கஞ்சத்தனம் காட்டுவது நன்றாக இல்லை.

இன்னொரு வேண்டுகோள். நேரம் போதவில்லை என்று தொடக்கக் கவிதையில் கைவைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் வரிகளை இசைத்தட்டில் கிழக்கு ஆப்பிரிக்க மொழியான கிஸ்வாஹிலியில் சொல்பவர் டங்கானிகாவை (இன்று தான்சானியாவின் பகுதி) சேர்ந்த டுன்டெமெக்கே சங்கா. உஹுரு என்றால் விடுதலை. மைக் முன்னால் நின்று அவர் அதைச் சொன்னபோது அவருடைய நாடு பிரிட்டனின் நிர்வாகத்தில்தான் இருந்தது. அதற்கு விடுதலை கிடைத்தது 1961 டிசம்பர் 9 அன்று. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு 1964இல் இந்த இசைத்தட்டைத் தடை செய்தது. ஆக, கிடைத்துவிட்ட விடுதலைக்கான கச்சேரி மட்டுமல்ல இது. வரவேண்டிய விடுதலையைக் கேட்டு வாசித்ததும்கூட. அந்தக் குரலை வெட்டிவிட்டு நேராக டிரம்ஸுக்குப் போனால், ஆட்டத்துக்குத் தோதான நல்ல இசையாக மட்டும் மிஞ்சும். கிஸ்வாஹிலி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பைக் கையேட்டில் அச்சிட்டால் போதும்.

அடுத்த சுவரொட்டியில் 'இசை: ராண்டி வெஸ்டன், இசைக்கோப்பு: மெல்பா லிஸ்டன்' என்று ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். இடம் பற்றாவிட்டால் ஸ்பான்சர்களின் சின்னங்களைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம், அவர்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜாஸ் ரசிகன்