காத்திருப்புக்கும் கூலி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையம் சார்ந்த சேவைப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்தோரில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்ற தமிழக அரசின் அறிவிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். வரவேற்க வேண்டியதுதான். ஆயினும், அலுவலகம் முடிந்த பின் மருந்து வாங்கித் தருவது, மறந்து வைத்த சாவியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது போன்ற சில்லறை வேலைகளைச் செயலி வழியே செய்து, வீட்டுச் செலவுக்குக் கூடுதலாக நாலு காசு பார்க்கும் என் போன்றோரின் வருமானத்தைக் கரைப்பது பெட்ரோல் மட்டுமன்று. கணக்கில் வராத காத்திருப்பும்தான். சென்ற மாதம் ஒரு மருந்துக் கடையில் முக்கால் மணி நேரம் நின்றேன்; எனக்குக் கிடைத்ததோ தூரத்துக்கான 58 ரூபாய் மட்டுமே. வாடிக்கையாளரைக் குறை சொல்வதற்கில்லை, நான் நின்றதே அவருக்குத் தெரியாது.

ஆட்டோவுக்குக் காத்திருப்புக் கட்டணம் விதித்திருக்கும் அரசு, பத்து நிமிடங்களுக்கு மேற்பட்ட காத்திருப்புக்கு நிமிடக் கணக்கில் கூலி நிர்ணயித்து, வேலையை ஏற்கும் முன்பே அது செயலித் திரையில் தெரிய வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட நல வாரியம் வழியாக ஆவன செய்யலாம்.

– ஒரு வாசகர், வில்லிவாக்கம், சென்னை