காதுகொத்தி, நிழலொட்டி, இலக்கேவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாங்க விருப்பமில்லாதவரையும் விடாமல் துரத்தி விற்க முனைவோருக்கு வேடிக்கையான புதுப்பெயர் சூட்டும்படி தங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். அச்சாகியுள்ள பெயர்களில் பெரும்பாலானவை வசவின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. வேலூர்த் துணிக்கடை ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதியவன் என்ற உரிமையில், என் பங்குக்குச் சில பெயர்களையும் அவற்றோடு ஒரு முறையீட்டையும் அனுப்புகிறேன்.

விடாக்கண்டன் என்னும் பழைய சொல் நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அது கடன் கேட்பவர் முதல் சம்பந்தம் பேச வருபவர் வரை எல்லோருக்கும் பொருந்துவதால், விற்பவரைத் தனியே சுட்டாது. செயலைச் சொல்லும் காரணப்பெயரே இங்கு வேண்டும். அதற்கு மரங்கொத்தி, மீன்கொத்தி என்று பறவைகளுக்குப் பெயரிட்ட முன்னோரின் வழியே போதும். உண்டு முடித்துக் கண்ணயரும் பிற்பகலில் அழைத்து, ‘சார், ஒரே ஒரு நிமிஷம்’ என்று தொடங்குபவரைக் ‘காதுகொத்தி’ எனலாம். விளம்பர அழைப்புகளுக்கென்று 140இல் தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டிருந்தும், சாதாரணப் பத்திலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து கொத்துபவர் இவ்வினத்தில் தனிவகை, அவர் ‘கள்ளக்காதுகொத்தி’. விளம்பரம் வேண்டாமென்று பதிவு செய்யவும், மீறி வந்தால் புகார் சொல்லவும் 1909 என்ற எண் இருப்பதை அறியாதவர் எங்கள் தெருவிலேயே பலர் என்பதால் இங்கே குறிப்பிட்டேன்.

கடைகளுக்கு வருவோம். எங்கள் ஊர்க் கடைத்தெருவான லாங்கு பஜாரின் பழைய கடைகளில் பாய் விரித்த திண்ணைமீது அமர்ந்து, வாங்குபவர் வாய் திறக்கும்வரை பொறுத்திருக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இன்றைய பெரிய கடைகளிலோ, நாம் படியேறிய நொடி முதல் ஒருவர் இரண்டடி பின்னால் வந்துகொண்டே இருக்கிறார். நாம் நின்றால் நிற்கிறார், திரும்பினால் புன்னகைக்கிறார். இவர் ‘நிழலொட்டி’. ஒரு சேலையின் முந்தானையை விரலால் தீண்டியதும் அடுக்கிலுள்ள அத்தனையையும் உதறிப் போட்டு, ‘இவ்வளவு பிரித்த பிறகு எப்படி எழுந்து போவது’ என்ற கூச்சத்தை நமக்குள் ஏற்றிவிடுபவர், தொட்டாற்சுருங்கிக்கு எதிரினமாகிய ‘தொட்டால்விரிப்பி’. தள்ளுபடி இன்றே கடைசி என்ற பதாகையை ஆவணி பிறந்த பின்னும் அவிழ்க்காத கடைக்கு ‘ஆடிநீட்டி’ என்ற பெயர் போதும்.

கடன் அட்டை விற்பவருக்கு நான் தனியே மெனக்கெடவில்லை. அட்டை என்ற சொல்லே இரத்தம் உறிஞ்சும் அந்த உயிரையும் குறிப்பதால், ‘அட்டையார்’ என்று மரியாதையோடு அழைத்தாலே சிலேடை தானாக அமைந்துவிடுகிறது. வைப்புத்தொகையைப் புதுப்பிக்கப் போன முதியவரிடம் ‘இதுவும் டெபாசிட் மாதிரிதான்’ என்று சொல்லிக் காப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்குபவர் ‘படிவஞ்செருகி’. இவரிடம் அகப்பட்டவர்கள், ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அதை வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க விதியில் இடமுண்டு என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

பெயரிடும் வேலையில் அரசே நம்மை முந்திவிட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய விற்பனையின் ஏமாற்று உத்திகள் 13ஐப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. போலி அவசரமும் நச்சரிப்பும் அவற்றுள் அடக்கம். நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதைக் ‘கூடைச்செருகல்’ எனலாம். ‘வேண்டாம், எனக்குப் பணத்தைச் சேமிப்பதில் ஆர்வமில்லை’ என்று எழுதிய பொத்தானை அழுத்தவைத்து நம்மைக் குறுக வைக்கும் செயலிக்கு, பாலூட்டியைப் பின்பற்றி ‘நாணூட்டி’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

என் முறையீடு இனிமேல்தான். மேலே தந்த பெயர்களில் பெரும்பாலானவை ‘இ’ விகுதியில் முடிவதைக் கவனித்திருப்பீர்கள். மரங்கொத்தியில் அவ்விகுதி செய்பவரைக் குறிக்கிறது. மண்வெட்டியில் கருவியைக் குறிக்கிறது. விற்பனைத் தளத்தில் நிற்கும் பிள்ளைகளும் பாதி செய்பவர், பாதி கருவி. இத்தனை உருப்படி ஓட்டியாக வேண்டும் என்ற டார்கெட்டையும், தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்டால் மட்டுமே கிடைக்கும் இன்சென்டிவையும் கணக்கேட்டில் எழுதிய கை என்னுடையது என்பதால், நிழல்போல் ஒட்டி வரும் அந்தப் பெண்ணின் பின்னால் இன்னொருவர் ஒட்டி நிற்பது எனக்குத் தெரிகிறது. கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டுமென்று 2021இல் தமிழக அரசு சட்டம் இயற்றித்தான் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அவர்கள் நாளெல்லாம் நின்ற கதை விளங்கும். ஆகவே, குளிரூட்டிய அறையில் அமர்ந்து விற்பனை இலக்கின் எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகும் மேலாளருக்கும் ஒரு பெயர் வேண்டும். அவருக்கு ‘இலக்கேவி’ என்பதை முன்மொழிகிறேன். ஏவல், பில்லி, சூனியம் என்ற வரிசை நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவோர் நிறைந்த ஊர் இது. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதுமே அவர்களின் பையைப் பற்றி, அவர்கள் மொழியிலேயே பேசி, விடுதிக்கு இழுத்துச் செல்லும் தரகருக்கு ‘பைபற்றி’ என்ற பெயர் பொருந்தும். நோயாளியோடு வந்து திகைத்து நிற்பவரிடம் காட்டும் அந்த அவசரத்துக்கு இதைவிடக் கடுமையான பெயரும் தகும். ஆனால் வெயிலில் போர்வை சுமந்து தெருத்தெருவாக வரும் வடமாநில இளைஞருக்கு அவர் மொழியையோ நிறத்தையோ வைத்துச் சூட்டப்படும் பட்டப்பெயர்கள் எங்கள் பகுதியில் ஏற்கெனவே உலவுகின்றன. அவற்றில் நகைச்சுவை இல்லை. நாம் ஒருமுறை ‘வேண்டாம்’ என்றாலே அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறவர் அவர்.

எனவே, அடுத்த வாரப் பட்டியலைத் தொகுக்கும்போது, செயலைச் சுட்டும் பெயர்களை மட்டும் ஏற்று, ஆளின் ஊரையும் உருவத்தையும் சுட்டுபவற்றை விலக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘இலக்கேவி’யைவிடக் கூர்மையான சொல்லை எவரேனும் அனுப்பினால் என்னுடையதை மகிழ்ச்சியோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைக் கணக்கர்,
சத்துவாச்சாரி, வேலூர்.