மோட்டார் நின்றாலும் வந்த காசு

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். முழங்கால் வலி இப்போது எப்படி? எனக்கும் தொடங்கிவிட்டது.

வீட்டுச் சூட்டுக்கா இவ்வளவு காசு என்று கேட்டிருந்தாய். டென்மார்க்கில் மூன்றில் இரண்டு வீடுகளுக்குக் குழாயில் வரும் சுடுநீர்தான் சூடு. எங்கள் சிற்றூரில் 1990களில் கட்டிய எரிவாயு மோட்டார் ஒன்று இருக்கிறது. அது மின்சாரமும் உற்பத்தி செய்யும், தன் சூட்டை ஊருக்கும் அனுப்பும். நிலையம் பாவனையாளர்களான எங்களுக்கே சொந்தம். சட்டப்படி இலாபம் வைக்கேலாது. மின்சார வருமானம் குறைந்தால் நேரே எங்கள் பில்லில்தான் ஏறும்.

கணக்கைப் பார் மச்சான். 100 குரோனர் (இந்த நாட்டுக் காசு) எரிவாயுவை மோட்டாரில் எரித்தால், அதன் சக்தியில் அண்ணளவாக நூறில் 40 பங்கு மின்சாரம், 50 பங்கு சூடு. அதே சூட்டை வெறும் கொதிகலனில் எடுக்க 53 குரோனர் எரிவாயு போதும். வரி, பராமரிப்பை விட்டுவிட்டாலும், அந்த மின்சாரம் 47 குரோனருக்கு மேல் விலைபோனால்தான் மோட்டாரை ஓட்டலாம்.

முன்பு நிலையம் விற்கும் மின்சாரத்துக்கு நேரத்துக்கேற்ப மூன்று விலை இருந்தது. பகலில் நல்ல விலை, இரவில் அடிமாட்டு விலை. விலை உள்ள நேரம் ஓட்டிச் சூட்டைச் சேமிக்க ஊர் ஊராகப் பெரிய தாங்கிகள் கட்டினார்கள். பிறகு படிப்படியாகச் சந்தை விலைக்கு விட்டார்கள். காற்றாலைகள் பெருகி, காற்றடிக்கிற நாட்களில் விலை விழுந்தது. ஈடுகட்ட அரசு ஒரு அடிப்படைத் தொகை கொடுத்தது. மோட்டார் சும்மா நின்றாலும் வரும், சந்தை விலை ஏறினால் குறையும். 2018 முடிவோடு அதுவும் நின்றுவிட்டது.

சும்மா நிற்கவா மானியம் என்று பலர் நக்கலடித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காற்றே இல்லாத ஜனவரி மாலையில் யாராவது மின்சாரம் தரத்தானே வேண்டும்? ஆனால் அந்தக் காசு வரும்வரை வேறு வழி தேட ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை. எரிவாயு ஊர்கள் விறகுக்கு மாறச் சட்டமும் நெடுங்காலம் விடவில்லை. வரி இல்லாத வெயிலைப் பிடித்துப் பல ஊர்கள் வயல் கணக்கில் நீரைச் சூடாக்கும் சூரியத் தகடு போட்டன. (ஆம், இந்த நாட்டு வெயிலைத்தான்!) 2021இல் சூட்டுக்கான மின்சார வரியை ஏறக்குறைய எடுத்துவிட்டார்கள். இப்போது காற்றடிக்கும் இரவில் ஹீட் பம்ப் (மின்சாரத்தால் வெளியிலிருக்கும் சூட்டை இழுத்து நீரைச் சூடாக்கும் இயந்திரம்) அந்தப் பழைய தாங்கியை நிரப்புகிறது. மோட்டார் விலை ஏறும் நேரம் மட்டும் எழும்பும்.

அப்புறம், உன் கூரை சோலாருக்கு ஏழு வருடம் முடிந்ததும் மின்சார சபை விலையைக் குறைக்கும் என்றாயே, குறைத்துவிட்டார்களா? பட்டரி போட்டால் கட்டுமா என்று ஒருக்கால் கணக்குப் போட்டு எழுது.

அன்புடன்,
சிவா