மலாவி நாட்டு பிளான்டயர்ல இருந்து மணிக்கு

டேய் மணி,

கடை எப்படி போகுது, அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? போன் பாதிலயே கட் ஆயிடுச்சு, அதான் எழுதுறேன். ஆமாடா, எனக்கு வந்தது மலேரியாவேதான், மூணு நாள் எல்.ஏ. மாத்திரை, ரெண்டு மலேரியா மருந்து கலந்தது, முழுங்கினேன், இப்ப பரவால்ல.

ஆனா சொல்ல வந்தது என் கதை இல்ல. எங்க குடோன் வாட்ச்மேன் அறுபது தாண்டின பெரியவர், அவர் பேத்திக்கு ரெண்டு வயசு. எனக்கு ஜுரம் வந்த அதே வாரம் அந்த குட்டிக்கும் மலுங்கோ, இங்க மலேரியாவ அப்படித்தான் சொல்வாங்க. இவரு வீட்ல கிடந்த ஃபான்சிடார்ங்கிற பழைய மலேரியா மாத்திரைய ஒடச்சு குடுத்துட்டாரு, எனக்கு எப்பவும் இதுலயே சரியாயிடுமேன்னு. மூணாம் நாள் வலிப்பு வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடி, ஊசி போட்டு, எப்படியோ பொழச்சிடுச்சு.

அவர் பொய் சொல்லலடா, அவருக்கு நிஜமாவே சரியாகுது, அதான் வம்பே. சின்ன வயசுல இருந்து கொசுக்கடி வாங்கி வாங்கி அவர் உடம்பு கிருமிய அடக்க பழகிடுச்சு, மருந்து பாதி வேலை செஞ்சாலும் மீதிய உடம்பு பாத்துக்குது, பேரு மட்டும் மாத்திரைக்கு. குழந்தைக்கு ஏது அந்த மீதி? அம்மாகிட்ட இருந்து வந்த ஆன்டிபாடி, அதாவது ரத்தத்துல கிருமிய எதிர்க்கிற புரதம், ஒரு ஆறு மாசம் தாங்கும், அப்புறம் சொந்தமா சேர்த்துக்கற வரைக்கும் கண்டம்தான், ஆப்பிரிக்காவுல மலேரியாவுல சாகுறவங்கள்ல நாலுல மூணு பேர் அஞ்சு வயசுக்கு கீழ. மாலி நாட்டுல பாத்திருக்காங்க, குளோரோக்வின்ங்கிற பழைய மலேரியா மருந்துக்கு அசையாத கிருமி இருந்தும் பெரிய பசங்க அதே மருந்துல தேறிட்டாங்க, பொடிசுங்கதான் தேறல. 1961லயே காம்பியாவுல பெரியவங்க ரத்தத்துல இருந்து ஆன்டிபாடிய பிரிச்சு ஜுரத்துல கிடந்த குழந்தைங்களுக்கு ஏத்தினாங்களாம், கிருமி மளமளன்னு இறங்கிடுச்சு. எனக்கு இத படிச்சப்ப புல்லரிச்சுடுச்சு.

இன்னொரு கூத்து கேளு. குளோரோக்வின் வேலைக்கு ஆகலன்னு ஆப்பிரிக்காவுலயே முதல்ல நிறுத்தினது இந்த மலாவிதான், 1993ல. அதுக்கு பதிலா வந்ததுதான் ஃபான்சிடார், அதுவும் பின்னால சொதப்பி 2007ல எல்.ஏ.க்கு மாறினாங்க. நடுவுல என்ன ஆச்சுன்னா, மருந்து புழக்கத்துல இல்லாததால அத எதிர்க்கிற கிருமி வகையே இங்க அடங்கிப் போச்சு, இதே பிளான்டயர் குழந்தைங்களுக்கு திரும்ப குளோரோக்வின் குடுத்து பாத்தப்ப நூத்துக்கு 99 பேர் குணம், 2006ல வந்த ஆய்வு. அதுக்காக தூக்கிட்டு வந்து திரும்ப எல்லாருக்கும் குடுத்தா பழைய கதைதான். இப்ப ருவாண்டா, உகாண்டா பக்கம் ஆர்ட்டிமிசினினுக்கே அசையாத கிருமி தலை தூக்குதுங்கிறாங்க, எல்.ஏ.ல பாதி அந்த வகை மருந்துதானே, அதான் வயித்த கலக்குது.

நீ கேட்டியே, மூணு வருஷமா அங்கதானே இருக்க, உனக்கு பழகலையான்னு. எங்க பழகும்? இந்த விஷயத்துல நானும் அந்த ரெண்டு வயசு குட்டியும் ஒரே கிளாஸ். இங்க பொறந்து வளர்ந்தவங்களே வெளிநாட்டுல சில வருஷம் இருந்துட்டு வந்தா சேர்த்த எதிர்ப்பு கொறஞ்சிடுமாம்.

டிசம்பர்ல வரேன். வந்து ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சு ஜுரம்னு உன் கடைக்கு வந்தா பாராசிட்டமால் குடுத்து அனுப்பிடாத, மலாவில இருந்து வந்தவன்னு சொல்லி ரத்த டெஸ்டுக்கு இழுத்துட்டு போ. அப்புறம் மறக்காம ரெண்டு வயசு சைஸ்ல ஒரு பட்டுப்பாவாடை வாங்கி வை, திரும்பி வர்றப்ப குட்டிக்கு கொண்டு வரணும்.

உன்
செல்வம்