உன் நோட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது

முட்டம்,
மீன்பிடித் தடைக்காலம், இரண்டாம் வாரம்

மக்களே,

தோள் வலி எப்படி இருக்கிறது? பதில் எழுதும்போது அதை முதலில் எழுது.

இனி போட்டிக்கு நீந்தப் போவதில்லை என்று நீ சொன்ன அன்று, ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று அம்மாவிடம் அழுதாயாம். கோபமில்லை, என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஜூன் 1 முதல் விசைப்படகு கரையில் கிடக்கிறது. ஜூலை 31 வரை எனக்கு வேறு வேலையும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று உன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன்னை நாகர்கோவில் நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து நான் எழுதிய பதினொரு வருடத்து நேரங்கள். படகுக் கணக்கைக்கூட நான் இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. 2021-ல் நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தாரே, அதையும் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஒலிம்பிக் தகுதி நேரம் 1 நிமிடம் 56.48. நெய்வேலியில் வளர்ந்த பிள்ளையால் முடியுமென்றால் கடலோரத்தில் வளர்ந்தவளால் முடியாதா என்பது அன்றைய என் நியாயம். கிறுக்குத்தனம்தான்.

மதுரைப் போட்டி நினைவிருக்கிறதா? பட்டர்ஃபிளையில் இரண்டு கையும் ஒன்றாகச் சுவரைத் தொட வேண்டும். உன் இடது கை முந்திவிட்டது என்று தகுதி நீக்கம் செய்தார்கள். திரும்பும்போது ஆரல்வாய்மொழி தாண்டும்வரை நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்குப் பதிமூன்று வயது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் சேர்த்துச் சேர்த்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாய். வீட்டுக்கு வந்ததும் தாத்தா, "கடலில் ஏது சுவர்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் நானும் தவிர.

1994-ல் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையை நீந்திக் கடந்தபோது கடற்கரை முழுக்க அதே பேச்சு. அந்த ஒரே வருடத்தில் ஆறு கடற்பாதைகளைக் கடந்தார். பிறகு நீச்சலை விட்டுவிட்டு என்ஜினியரிங் படிக்கப் போனார். கையில் இருந்ததை விட்டுவிட்டாரே என்று டீக்கடையில் அங்கலாய்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த வீட்டில் என்ன கணக்கு ஓடியது என்று எனக்கு என்ன தெரியும்? இப்போது அதே கேள்வியோடு இங்கே என்னிடம் வருகிறார்கள். உன் தோளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

ஆடி முடிந்து கடல் அடங்கியதும் வா. உன் அண்ணன் மகனுக்கு ஆறு வயதாகிறது, தண்ணீரில் முகம் வைக்கப் பயப்படுகிறான். கடற்காரன் வீட்டில் இப்படியொரு பிள்ளையா என்று தாத்தா தலையில் அடித்துக்கொள்கிறார். அத்தை வந்து சொல்லித் தருவாள் என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஸ்டாப்வாட்ச்சை விளையாடக் கொடுத்தேன். ஒரே நாளில் பட்டனைப் பிடுங்கிவிட்டான்.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டதும் சொல். காலையில் நாகர்கோவில் ஸ்டேஷனில் நிற்கிறேன். மரச்சீனியும் சாளைக் கறியும் வைப்பதாக அம்மா சொல்லச் சொன்னாள்.

அப்பா