உதவிப் பட்டியல் பற்றி

பரந்தன்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் சுகம். இரணைமடுக் குளத்தில் இம்முறை தண்ணீர் இருப்பதால் சிறுபோக நெற்செய்கைக் கூட்டம் முடிந்துவிட்டது. பெரியண்ணை வழக்கம்போல் எழும்பி நின்று சண்டை பிடித்தார். நீ இல்லாததால் அவரை இருத்துவதற்கு ஆளில்லை. இனி நீ கேட்ட விடயத்துக்கு வருகிறேன்.

போரில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களுக்குப் பழைய மாணவர் சங்கம் உதவப்போகிறது என்றும், அதற்கு மாவீரர், அதாவது புலிகள் இயக்கத்தில் இருந்து இறந்தவர்களின் குடும்பங்களின் பட்டியலை நான் எடுத்து அனுப்பவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். உதவி மாதாந்தம் என்பதைக் கண்டு உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் அந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. நீ போர்நிறுத்தச் சமாதானக் காலத்தில் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவன். 2006க்குப் பிறகு இயக்கம் இங்கு நடத்திய ஆட்சேர்ப்பு, நம் வகுப்பில் படித்துவிட்டுத் தாமாக விரும்பிப் போனவர்களின் கதையைப் போன்றதன்று. வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கியது, போர் நெருங்க நெருங்க வீட்டிலிருந்து இரண்டாவது, மூன்றாவது பிள்ளை வரைக்கும் போனது. பிள்ளைகளைப் பற்றைகளிலும் நெல்மூட்டைகளுக்குப் பின்னாலும் ஒளித்துவைத்தார்கள். மணம் முடித்தவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், பள்ளிக்கூடச் சீருடையைக் கழற்றிய கையோடு பிள்ளைகளுக்குத் தாலி கட்டுவித்த பெற்றோர் எத்தனை பேர்! கடைசி மாதங்களில் அந்தத் தாலியும் காப்பாற்றவில்லை. அப்படி மணந்து, சரியாகச் சேர்ந்து வாழ்வதற்குள் கணவனை இழந்து, கையில் ஒரு குழந்தையோடு, போர் முடிவில் மக்களை அடைத்துவைத்த மெனிக்பாம் முகாமுக்குள் போன பெண்களுக்கு இன்று முப்பது வயது கடந்துவிட்டது. அவர்களை எந்தப் பட்டியலில் எழுதுவது?

சந்தியடி ஆசையக்காவை உனக்கு மறந்திராது. அவருடைய கடைசிப் பையனை 2008இல் ரியூசன் முடிந்து வரும் வழியில் இயக்கத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவனைப் பற்றிய செய்தியே இல்லை. அவனை மாவீரன் என்று சொல்ல அக்காவுக்கு மனமில்லை, ஏனெனில் அவன் இறந்தான் என்பதை அவர் ஏற்கவில்லை. ஆகவே அவர் உன் பட்டியலுக்குள் வரமாட்டார். அரசாங்கத்தின் பக்கத்தில், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம். இழப்பீட்டு அலுவலகத்தின் மூலம் 2022இல் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். அக்கா அதையும் வாங்கவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் கொட்டில் போட்டு உட்கார்ந்த தாய்மாரைப் போலவே அவரும், பிள்ளை எங்கே என்ற கேள்விக்குக் காசு பதிலாகாது என்கிறார். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக் காசிலும் நான்கு கோழிகளிலும் சீவியம் போகிறது. இதே தீவில், அரச படையில் இறந்த சிப்பாயின் மனைவிக்கு அவன் உயிரோடு இருந்திருந்தால் 55 வயது ஆகும்வரை சம்பளம் போய்ச் சேருகிறது. அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பதை நான் குறைசொல்லவில்லை. வறுமைக்காகப் படைக்குப் போனவனின் மனைவிக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். மகனைப் பறிகொடுத்த இந்தத் தாய்க்கு உரிமையாக எதுவும் இல்லை என்பதே என்னை வாட்டுகிறது.

வரலாறு படிப்பித்த காலத்தில் முதலாம் உலகப் போர் பற்றி வாசித்தவை இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. பிரித்தானியாவில் 1914 ஒக்டோபரிலிருந்து பிள்ளையில்லாத சிப்பாயின் மனைவிக்குக் கூட வாரம் 12 ஷில்லிங் 6 பென்ஸ் கிடைத்தது. அதில் ஒரு பகுதி கணவனின் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. மணம் முடிக்காமல் சேர்ந்து வாழ்ந்த பெண்ணும் அதைப் பெறலாம். வாரந்தோறும் தபாற்கந்தோரில் தன் கையால் வாங்கினாள். இது நாம் பின்பற்றவேண்டிய பகுதி. ஆனால் அதே ஆண்டிலேயே, அவள் குடிக்கிறாளா, ஒழுக்கமாக இருக்கிறாளா என்று பொலிஸ் வேவு பார்த்து, தகுதியற்றவள் என்றால் காசை நிறுத்தும் ஏற்பாடும் வந்துவிட்டது. நம் சங்கத்திலும் அந்தக் குரல் கேட்கத் தொடங்கிவிட்டது, மச்சான். மறுமணம் செய்தவளுக்கு ஏன், மகன் வெளிநாடு போய்விட்டானே, வீட்டுக்கு ஓடு போட்டுவிட்டாளே என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் அடுக்கினார். போருக்குப் பின் அரசாங்கத்தின் புனர்வாழ்வு முடிந்து வந்த ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உடம்பில் எறிகணைத் துண்டோடு மேசன் வேலைக்குப் போகிற அவர்களைப் பற்றி, “உயிரோடு வந்துவிட்டான்தானே” என்றார் இன்னொருவர்.

ஆகையால் நீ அங்குள்ளவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல். பிள்ளை எப்படிப் போனான், எந்தப் பெயரில் இறந்தான் என்று கேட்கக்கூடாது. வீட்டில் உழைக்க யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவேண்டும். காசு தாயின் அல்லது மனைவியின் வங்கிப் புத்தகத்துக்கு நேரே போகவேண்டும். மேடை, பதாகை, கவரைக் கொடுத்துப் படம் எடுத்தல் ஒன்றும் வேண்டாம். பத்துக் குடும்பத்துக்குத்தான் காசு காணும் என்றால் பத்துக்கே கொடுப்போம், ஆனால் ஐந்து வருடமாவது நிறுத்தாமல் கொடுப்போம்.

கிராம அலுவலரான விதானையாரிடம் பெயர்களைக் கேட்டிருக்கிறேன். ஆசையக்காவைத்தான் முதலில் எழுதுகிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன் உன் பதில் வரவேண்டும். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுது.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்
பழைய வாங்குத் தோழன்